உங்கள் மகனுக்கு எத்தனை பல்

திருச்சி,
3-4-1958

கர்த்தருக்குள் அன்பான மதினிக்கு சுகிர்தம் எழுதுவது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. என்னைக் கொண்டுவந்து விட்ட நம் சபை உபதேசியார் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

கல்யாணமாகாத பெண்களையும் பிள்ளை இல்லாத விதவைகளையும்தான் இந்த நர்ஸ் படிப்பில் சேர்ப்பார்கள் என்று நமக்கு முன்பே தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இங்கே வந்த பிறகு தெரிந்தது. விடுதிக்கு வருகிற கடிதம், விடுதியிலிருந்து போகிற கடிதம், எல்லாவற்றையும் மேட்ரன் அம்மாள் படித்த பிறகுதான் விடுவார்களாம். நேற்று விண்ணப்பப் பாரம் நிரப்பச் சொன்னார்கள். பிள்ளைகள் என்று கேட்டிருந்த இடத்தில் இல்லை என்று எழுதினேன். செங்கோட்டை மர டிப்போவில் மரத்தடி மேலே உருண்டு உங்கள் தம்பி போய் எட்டு மாதம்தான் ஆகிறது. அவர் விட்டுப்போன ஒரே பிள்ளையை இல்லை என்று எழுதிவிட்டு, மணி அடித்ததும் போய்ச் சாப்பிடவும் செய்தேன்.

ஆகையால் மதினி, இன்று முதல் ஆசீர் உங்கள் மகன். 'உங்கள் மகன்' என்றுதான் நானும் எழுதுவேன். நான் அவனுக்கு அத்தை. மறந்துபோய்க்கூட 'உன் பிள்ளை' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கடிதத்தில் பிடிபட்டால் அன்றைக்கே பெட்டியோடு தெருவில் நிற்பேன். இரண்டு வருஷம்தான். முடித்தால் வேலை கிடைக்கும், குடியிருக்க இடமும் கொடுப்பார்கள். வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

உங்களுடையது தகரக் கூரை. அவன் மதியம் தூங்க மாட்டான், நை நை என்று பிடுங்குவான். பொம்மைக்கென்று செலவு செய்ய வேண்டாம், அண்ணாச்சி சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தண்டவாளத்துப் பக்கம் மட்டும் போகவிடாதீர்கள். அது போதும்.

உங்கள்
சுகிர்தம்


தென்காசி ரயில்வே கேட்,
24-4-1958

அன்புள்ள சுகிர்தத்துக்கு மதினி ஞானபாக்கியம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அண்ணாச்சியும் என் மகன் ஆசீரும் தேவ கிருபையால் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கிறாயா? உன்னைத் திட்டிச் சாப்பிடவைக்க அங்கே யார் இருக்கிறார்கள்.

என் மகன் முதல் எட்டு நாள் அத்தையைத் தேடி அழுதான். கொல்லம் மெயில் போகும்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துப் பார்த்து அழுதான். இப்போது ரயிலை ரயிலாகப் பார்க்கிறான். அண்ணாச்சி கிழிந்துபோன பச்சைக் கொடியில் ஒரு துண்டை வெட்டிக் குச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். வண்டி வரும்போது அவர் பக்கத்தில் நின்று இவனும் ஆட்டுகிறான். டிரைவர் ஒருவர் தினமும் இவனுக்குச் சலாம் போடுகிறார். ரயில்வே கம்பெனியே இவன் கொடியில்தான் ஓடுகிறது என்று அய்யாவுக்கு நினைப்பு. பயப்படாதே, இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை என் கையில் வைத்திருக்கிறேன்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, தொட்டியில் இறக்கி விளையாட விட வழியில்லை. அதனால் ஒரு வேலை செய்தேன். ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி, பனைநாரைத் தட்டி ஒரு பிரஷ் மாதிரி செய்து கொடுத்து, சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். இந்தப் பக்கம் அடித்துவிட்டு அந்தப் பக்கம் போவதற்குள் இந்தப் பக்கம் காய்ந்துவிடுகிறது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரை வைகிறான். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஒரு மதியம் ஓடிவிடுகிறது. நுங்கு தின்று போட்ட கூட்டில் அண்ணாச்சி ஒரு வண்டி செய்து கொடுத்தார். அது வாடினால் அடுத்தது. சாயங்காலம் ஒரு சட்டி புளியங்கொட்டையைக் கொடுத்து, இந்தச் சட்டியிலிருந்து அந்தச் சட்டிக்கு மாற்றச் சொல்வேன். நான் சோறு வடிக்கிறவரைக்கும் அசைய மாட்டான்.

இவளா பிள்ளை வளர்ப்பாள் என்று சிலர் பேசினார்கள். வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஆசீரின் அம்மா
ஞானபாக்கியம்


திருச்சி,
11-5-1958

அன்புள்ள மதினிக்கு சுகிர்தத்தின் ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மடிப்பு கிழியும்வரை படித்தேன். உங்கள் மகன் சுவருக்கு வெள்ளையடிக்கும் கதையைப் பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. மேட்ரன் அம்மாளே, உன் மதினி நல்ல தாய், காசில்லாமல் பிள்ளையை அடக்கத் தெரிந்தவள் என்று சொன்னார்கள்.

ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. புளியங்கொட்டை மட்டும் வேண்டாம் மதினி. போன வாரம் மூக்கில் புளியங்கொட்டை ஏற்றிக்கொண்டு ஒரு பிள்ளை வந்தது. ஊறிப்போய் வெளியே எடுக்க முடியாமல் அது துடித்ததை நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னைக் குழந்தைகள் வார்டில் போட்டிருக்கிறார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுத்திருக்கிற பிள்ளைகள். அழுதால் டாக்டருக்குப் பிடிக்காது. எனவே நாள் முழுக்க நானும் ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறேன். காலி மருந்துப் பாட்டில்களில் வேறு வேறு அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் தட்டினால் பாட்டு வருகிறது. பிளாஸ்டர் சுற்றி வருகிற தகரச் சக்கரத்தைக் குப்பையில்தான் போடுவார்கள். மேட்ரன் அம்மாளிடம் கேட்டுப் பன்னிரண்டு சேர்த்து, கழுவி, ஓரம் தட்டி, கயிற்றில் கோத்து ரயிலாக்கி உங்கள் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கே எந்தப் பிள்ளை அழுதாலும் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிடுகிறேன், என்னிடம் அந்த ராசி இருக்கிறதாம்.

உங்கள் மகனுக்குக் கடைவாய்ப் பல் வந்துவிட்டதா? மொத்தம் எத்தனை? தலையில் வேனல் கட்டி வந்தால் கீறாதீர்கள். மறக்காமல் பல்லை எண்ணி எழுதுங்கள்.

அன்பு மறவாத
அத்தை சுகிர்தம்


தென்காசி ரயில்வே கேட்,
29-6-1958

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

பல் பதினாறு. புளியங்கொட்டையைக் குப்பையில் கொட்டியாயிற்று. எனக்குக் கோபமில்லை, ஆனால் நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு வருத்தம் இருந்தது. இரண்டு நாளில் போய்விட்டது.

உன் ரயில் வந்தது. அதை இழுத்துக்கொண்டே தூங்குகிறான். கேட்டில் மாட்டுவண்டிகள் காத்து நிற்கும்போது இவனும் தன் ரயிலை நிறுத்தி, "ஏலே, கேட்டு போட்டாச்சி, நில்லுங்கலே" என்று வண்டிக்காரர்களை அதட்டுகிறான்.

சாரல் விழுந்துவிட்டது. ஆனி பிறந்தும் பிறக்காததுமாக மலை மறைந்துவிட்டது. போன சனிக்கிழமை கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தே போனோம். பெரிய அருவியைப் பார்த்ததும் என் கழுத்தைப் பிடித்தவன் விடவே இல்லை. சிற்றருவிக்குக் கொண்டுபோய்க் கையில் ஏந்தி ஏந்திக் குளிப்பாட்டினேன். சிரித்தான் பார், மூச்சு முட்டச் சிரித்தான். குரங்குகள் ஒரு பெண்பிள்ளையின் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்ததிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. பழக்கடைக்காரர் ஒருவர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மங்குஸ்தான் பழத்தைச் சும்மாவே கொடுத்தார். போக வர வேறு செலவே இல்லை.

அங்கேதான் அது நடந்தது. கூட்டத்தில் ஒரு நிமிஷம் என் கை நழுவிவிட்டது. "அம்மா!" என்று கத்தினான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். பக்கத்தில் நின்ற பெண், "பிள்ளை அப்படியே உங்க சாடைதான்" என்றாள். ஆமாம் என்றேன். நான் வேறு என்ன சொல்ல முடியும்? எனக்கு அழுகை வந்தது, அருவித் தண்ணீரில் யாருக்குத் தெரியப்போகிறது.

இப்படிக்கு,
ஞானபாக்கியம்


திருச்சி,
13-7-1958

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மகன் உங்களை அம்மா என்று கூப்பிடுவது நியாயம்தானே. வேறு யாரைக் கூப்பிடுவான்.

ஒன்பதாம் தேதி அவனுக்கு இரண்டு வயது நிறைந்தது. நான் அன்றைக்கு வார்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். என் மதினி மகனுக்குப் பிறந்தநாள் என்றேன். அங்கே என்ன செய்தீர்கள்? பாயசம் வைத்தீர்களா? அத்தையைக் கேட்கிறானா? அத்தையின் போட்டோவை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டச் சொன்னேனே, மாட்டினீர்களா?

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், வார்டில் நிறைய வேலை.

அவனுக்கு இப்போது எத்தனை பல்?

சுகிர்தம்


விருதுநகர் ஸ்டேஷன்,
22-5-1959

அன்புள்ள மதினிக்கு,

ரயிலில் பென்சிலால் எழுதுகிறேன், வண்டி இங்கே நிற்கும்போது பெட்டியில் போட்டுவிடுவேன். மேட்ரன் கண்ணில் படாமல் உங்களுக்கு நான் எழுதுகிற இரண்டாவது கடிதம் இது. ஒரு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பத்து நாள் லீவு முடிந்துவிட்டது. நேரில் சொல்லத்தான் நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை.

நான் வந்து இறங்கிய அன்று அவன் உங்கள் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். சரி, பிள்ளைதானே என்று நினைத்தேன். வார்டில் எந்தப் பிள்ளையையும் இரண்டு நிமிஷத்தில் சிரிக்கவைப்பேன் என்று பெருமையாக எழுதினேனே, என் கைவசம் இருந்த எல்லா வித்தையையும் காட்டினேன். பாட்டிலில் பாட்டு, கைக்குட்டையில் எலி, நிழலில் முயல். எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்தான். ஏழாம் நாள்தான் மடியில் வந்து உட்கார்ந்தான். எட்டாம் நாள், "அத்த, நீங்க எந்த வண்டிக்குப் போவிய?" என்று கேட்டான். அவன் கேட்டதில் ஒரு விகற்பமும் இல்லை. வந்தவர்கள் போவார்கள் என்று அவனுக்குத் தெரியும், ரயில்வே வீட்டுப் பிள்ளை.

இன்று கேட்டைத் தாண்டும்போது ஜன்னலில் தலையை நீட்டிக் கை காட்டினேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்று கொடியை ஆட்டினான். எனக்கு இல்லை மதினி, என்ஜினுக்கு.

நீங்கள் அவனுக்குக் குறை வைக்கவில்லை. நானே இருந்தாலும் இவ்வளவு செய்திருக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் ஏது மேட்ரன்? நாம் மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போதும் "எம் மவனுக்கு ரசம்னா உயிரு" என்று என்னிடமே சொன்னீர்களே. அவனிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டதற்கு, "இப்பம் சொன்னா ஊரு பூரா ஒளறிருவான், ஒன் படிப்பு போவும்" என்றீர்கள். அது உண்மைதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் போட்டோ அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. எடுத்து வெளியே மாட்டுங்கள். தினமும் ஒரு தடவை அதைக் காட்டுங்கள். அம்மா என்று வேண்டாம், பெயரையாவது சொல்லிக் கொடுங்கள்.

வண்டி நிற்கப்போகிறது.

சுகிர்தம்


தென்காசி ரயில்வே கேட்,
18-6-1959

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உன் கடிதம் வந்தது. அதில் எழுதியிருந்த விஷயத்துக்குத் தபாலில் பதில் எழுத முடியாது என்பது உனக்கே தெரியும்.

என் மகனுக்கு மணல்வாரி அம்மை போட்டுப் பதினைந்து நாள் படாத பாடு பட்டுவிட்டோம். பயப்படாதே, இறங்கிவிட்டது. வெளிச்சம் கண்ணில் படக் கூடாது என்று ஜன்னலையெல்லாம் சாக்கால் மூடிவிட்டேன். இந்தப் புழுக்கத்தில் இருட்டு அறையில் மூன்று வயதுப் பிள்ளையை எப்படிப் படுக்கவைப்பது? நான்தான் கட்டிலுக்குக் கீழே போய் குட்ஸ் வண்டி ஆனேன். ஒரு நாள் ஆடு ஆனேன். ஒரு நாள் முழுக்க அவன் கேட் கீப்பர், நான் மாட்டுவண்டி. கேட்டைத் திறக்கவே மாட்டேன் என்றான், சாயங்காலம்வரை கட்டிலடியில் நின்றேன். என் முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒனக்கு என்ன பைத்தியமா?" என்றார். இவன் எதுவாக்கினாலும் நான் ஆகிவிடுவேன், விளையாட்டு போதும் என்று அவன் சொல்கிறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, அதுதான் எங்கள் சட்டம்.

இந்த வருஷம் சாரல் சரியாக இல்லை. அருவி நூல்போல் விழுகிறது என்கிறார்கள். பல் இருபதும் வந்துவிட்டது. இனிமேல் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

ஞானபாக்கியம்


திருச்சி,
27-3-1960

என் அன்பான மதினிக்கு,

பாஸாகிவிட்டேன். சிவகிரி பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு அறையும் சமையல் கட்டும் தருகிறார்கள்.

நேற்று விடைபெறப் போனபோது மேட்ரன் அம்மாள் என்னை உட்காரச் சொன்னார்கள். "பிள்ளைக்கு என்ன வயசாகிறது, நாலா?" என்றார்கள். யாருடைய பிள்ளை என்றேன். "உன் பிள்ளைதான். மதினி மகனுக்கு எத்தனை பல் என்று எந்த அத்தை கடிதத்துக்குக் கடிதம் கேட்பாள்? எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்ததாகக் காட்டியிருந்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்" என்றார்கள். நான் அந்த நாற்காலியிலேயே குனிந்து அழுதேன். யாருக்குத் தெரியக் கூடாது என்று எழுதினோமோ அவர்கள் அதை ஒரு நாளும் நம்பவில்லை. ஆசீர்தான் நம்பியிருக்கிறான்.

இனி என் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்: என் மகன், என் மகன் ஆசீர். இரண்டு வருஷமாகக் காத்திருந்து எழுதிய வார்த்தை. ஏப்ரல் பதினேழாம் தேதி, ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும், அவனைக் கூட்டிக்கொண்டு போக வருகிறேன். அதற்குள் பக்குவமாக அவனிடம் சொல்லிவையுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பான்.

நீங்களும் மனதில் இருப்பதைத் தாராளமாக எழுதுங்கள்.

உங்கள்
சுகிர்தம்


தென்காசி ரயில்வே கேட்,
5-4-1960

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

பாஸான செய்தி கேட்டு அண்ணாச்சி கேட்டில் நின்ற எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். என் தம்பி இருந்திருந்தால் தென்காசி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பான்.

நீ சொன்னபடி என் மகனிடம் சொன்னேன். போன வியாழக்கிழமை சோறு ஊட்டும்போது, போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, "ஆசீரு, இந்த அத்ததான் ஒனக்கு அம்மா. நான் அத்த. இனிமே இவள அம்மான்னு கூப்பிடணும்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன், கர்த்தர் சாட்சி.

அவன் போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கைதட்டிச் சிரித்தான். புது விளையாட்டு என்று நினைத்துவிட்டான். எத்தனை விளையாட்டு சொல்லிக் கொடுத்தவள் நான். அன்று முழுக்க அதையே விளையாடினான். போட்டோவை அம்மா என்றான். ஆட்டை அம்மா என்றான், கேட்டுக் கம்பத்தை அம்மா என்றான், அண்ணாச்சியைப் போய் அம்மா என்றான். என்னை மட்டும் அத்தை, அத்தை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தான். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து என் மடியில் தலை வைத்து, "போதும்மா, வெளையாட்டு முடிஞ்சிட்டு. இனி நீயே அம்மாவா இரு" என்றான்.

அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மனதில் இருப்பதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். உன் போட்டோவை நான்தான் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். போன வருஷம் நீ கேட்ட பிறகும் மாட்டவில்லை. மேட்ரன் பேரைச் சொல்லி உனக்குப் பதில் எழுதாமல் தப்பித்தேன். முதல் கடிதத்தில் என் மகன் என்று எழுதும்போது பொய் எழுதுகிறோமே என்று கை கூசியது. மூன்றாவது கடிதத்தில் கூசவில்லை. இப்போது பார், யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் இந்தக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு மாற்றி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

நீ வா. வந்து கூட்டிக்கொண்டு போ. நான் வழக்குப் பேச மாட்டேன். பெற்றவள் நீ.

ஞானபாக்கியம்


சிவகிரி,
8-5-1960

அன்புள்ள மதினிக்கு,

மூன்று வாரமாக உங்களுக்கு எழுதவில்லை. நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் ஏற்றும்போது அவன் ஏன் அழவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். கேட்டு வீட்டு விளையாட்டை என்னோடும் விளையாடுகிறான் மதினி. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். ஒரு தடவைகூடத் தவறாமல் கூப்பிடுகிறான். கொடுத்ததைத் தின்கிறான், குளிக்க வரச்சொன்னால் வருகிறான். விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, "அத்த, இன்னும் வெளையாட்டு முடியலையா?" என்று மெதுவாகக் கேட்கிறான். விளையாட்டு போதும் என்று சொல்கிறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்பது உங்கள் சட்டமாயிற்றே. நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறான்.

நான் டியூட்டிக்குப் போகும்போது ஆயா உச்சிமாகாளி பார்த்துக்கொள்கிறாள். வெயிலும் புழுதியுமாக இருக்கிறது. இங்கே ரயில் இல்லை. பஸ் வந்தால் கொடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். யாரும் சலாம் போடுவதில்லை. நேற்று கொடியை என் பெட்டிக்குள் வைத்துவிட்டான். இரண்டு தடவை அவன் சட்டை துணியெல்லாம் எடுத்து வைத்து, தென்காசிக்கே கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று பஸ் நிற்கிற இடம்வரை போனேன். திரும்பிவிட்டேன்.

இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னை வைதுகொள்ளுங்கள். இந்தக் கோடையில் நீங்கள் வர வேண்டாம். அண்ணாச்சியும் வர வேண்டாம். அவனுக்கு என்று கடிதமோ பழமோ அனுப்ப வேண்டாம். அவன் மறக்கட்டும். என்னை மறந்ததைப் போலவே உங்களையும் மறப்பான். அதற்கு ஒரு கோடை போதும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்காக இவ்வளவு செய்தவருக்கு இப்படி எழுத என் கை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பிள்ளை இல்லை என்று எழுதிய கைதான் இது.

அவன் தினமும் கேட்கிறானே, அதற்கு நான் என்ன பதில் சொல்ல? அதை மட்டும் எழுதுங்கள். அந்த விளையாட்டு உங்களுக்குத்தான் தெரியும்.

சுகிர்தம்


தென்காசி ரயில்வே கேட்,
15-5-1960

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உன் கடிதத்தை அண்ணாச்சிதான் படித்துக் காட்டினார். என்னால் பாதிக்குமேல் படிக்க முடியவில்லை. பிறகு நானும் படித்தேன். நீ சொல்வது சரி. வரமாட்டோம்.

நீ டியூட்டிக்குப் போகிறவள், மதியம் அவனைச் சமாளிப்பது எப்படி என்று ஆயாவிடம் சொல்லிவை. சாப்பிட்ட உடனே படுக்கப் போடக் கூடாது, முறுக்கிக்கொள்வான். ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரும் பனைநாரும் கொடுத்துச் சுவரைக் காட்டினால் போதும். காய்ந்துபோகிறது என்று கோபம் வந்தால் நிழல் சுவருக்கு மாற்ற வேண்டும், அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். பஸ்காரர்களிடம் சொல்லி யாராவது ஒருவரைச் சலாம் போடச் சொல். கேட்டால் செய்வார்கள், இங்கேயும் நான் போய்க் கேட்டுத்தான் அந்த டிரைவர் போட்டார். உன் பெட்டியிலிருந்து கொடியை எடுத்து அவன் கண்ணில் படுகிற இடத்தில் வை. ரசத்தில் மிளகு குறைத்துப் போடு. தகரச் சக்கர ரயில் அவன் மூட்டையில் அடியில் இருக்கிறது. அது நீ செய்து அனுப்பியது என்று சொல், நான் ஒரு நாளும் அவனிடம் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் வந்து கேட்கிறான் என்று எழுதியிருந்தாயே. இனிக் கேட்டால், விளையாட்டு முடிந்துவிட்டது, தென்காசி அத்தை தோற்றுப்போய்விட்டாள், நீதான் ஜெயித்தாய் என்று சொல். உன் மகனுக்கு ஜெயிப்பது பிடிக்கும். ஜெயித்துவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டான்.

இங்கே கிணற்றில் தண்ணீர் இந்த வருஷம் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஆசீரின் அத்தை
ஞானபாக்கியம்